பென்சில் ஒருவர், மை ஒருவர்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதாந்திர மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் வந்த ஒன்றிரண்டு விஷயங்களையும் இடையில் சேர்த்திருக்கிறேன்.)



போன மாதம் இங்கே சர்க்கரை நோய் பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தைய மாதம் மழைநீர்த் தொட்டி. இந்த மாதம் என் முறை என்றதும் செயலாளர், "லாக்கர், நாமினேஷன் பற்றிச் சொல்லுங்க சார், எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்" என்றார். அதை இன்னொரு நாள் கட்டாயம் சொல்கிறேன். இன்று காமிக்ஸ் பற்றிப் பேசப் போகிறேன். ரிட்டயர் ஆன குமாஸ்தாவுக்கு இது தேவையா என்று பின்வரிசையில் யாரோ நினைப்பது தெரிகிறது. பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் கையில் ஓர் அமெரிக்க காமிக்ஸ் புத்தகம். முதல் பக்கத்தில் பெயர்ப் பட்டியல். கதை ஒருவர், பென்சில் ஒருவர், மை ஒருவர், வண்ணம் ஒருவர், பலூனுக்குள் எழுத்து ஒருவர். அவன் கேட்டான்: "தாத்தா, பென்சில்லயே ஒருத்தர் முழுசா வரைஞ்சுட்டாரே. அதுக்கு மேலயே கோடு போடறவருக்கு எதுக்குத் தனியா பேரு?"

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியாததால் இல்லை. வேறு காரணம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. கதை, 'இரும்புக்கை மாயாவி'. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வலது கை இழந்து இரும்புக்கை பொருத்தப்பட்ட ஒருவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், இரும்புக்கை மட்டும் தெரியும். பிரிட்டனில் 1962-ல் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய கதை அது. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெஸூஸ் பிளாஸ்கோ. அவருடைய சகோதரர்களும் ஓவியர்கள். கூட இருந்து கைகொடுத்தவர்கள். திருப்பாதிரிப்புலியூரில் புத்தகத்துக்காகக் கடைவாசலில் நின்ற எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. மாயாவியைத் தெரியும். வரைந்த கை யாருடையது என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

சரி, பென்சிலால் வரைந்த படத்துக்கு மை எதற்கு? பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்து அச்சகத்தில் படத்தைக் கேமராவில் படம்பிடித்து, ஜிங்க் தகட்டில் பிளாக் எடுப்பார்கள். அந்தக் கேமராவுக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பென்சில் சாம்பல் நிறம் சரியாக விழாது. மெல்லிய கோடு காணாமல் போகும், அழுத்தமான கோடு திட்டுத்திட்டாக வரும். அதனால் பென்சில் கோட்டின் மேல் இண்டியன் இங்க்கால், நிப்போ தூரிகையோ கொண்டு கறுப்பாகக் கோடு போட்டாக வேண்டும். மை காய்ந்த பிறகு ரப்பரால் பென்சில் கோட்டைச் சுத்தமாக அழித்துவிட வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் போட்டவரின் கோடு ஒன்றுகூட மிச்சமிருக்காது. நாம் பார்ப்பதெல்லாம் மை போட்டவரின் கோடுதான்.

நம் ஊர்ப் பத்திரிகைகளில் இரண்டையும் ஒரே ஓவியர்தான் செய்வார். கல்கியில் 1950-ல் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது படம் போட்டவர் மணியம். கதை தொடங்குவதே நம் மாவட்டத்து வீராணம் ஏரிக்கரையில். வந்தியத்தேவனின் முகம் நம் மனசில் ஒட்டிக்கொண்டதற்கு மணியத்தின் கோடும் காரணம். அந்த உருவமும் அவருடையது, மையும் அவருடையது, கீழே இருக்கும் கையெழுத்தும் அவருடையது. கோபுலு, மாருதி, ஜெயராஜ் என்று கையெழுத்தைப் பார்த்தே ஓவியரைச் சொல்லிவிடும் வாசகர்கள் நாம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மாதா மாதம் இருபது பக்கத்துக்கு மேல் முழுக் கதை வெளிவர வேண்டும். ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் பென்சிலில் வரைந்தாலே மாதம் முடிந்துவிடும். மையும் அவரே போட்டால் அடுத்த இதழ் எப்போது வரும்? ஆகவே வேலையைப் பிரித்தார்கள். பி.காம். படித்தவர்களுக்கு ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலை நினைவுக்கு வரும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நான் படித்தபோது முதல் வருடப் பாடமே அதுதான். குண்டூசி செய்வதில் பதினெட்டு வேலைகள். பிரித்துக்கொண்டால் பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 குண்டூசி செய்யலாம் என்று 1776-லேயே எழுதிவைத்தார். ஆனால் குண்டூசிக்குத் தலை வைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. யார் வைத்தாலும் தலை ஒன்றுதான். படத்தில் அப்படி இல்லை, ஆள் மாறினால் முகமே மாறிவிடும்.

இதற்கு ஜாக் கிர்பியை விட நல்ல உதாரணம் கிடையாது. மார்வெலின் பாதிக் கதாநாயகர்களுக்கு உருவம் கொடுத்தவர், 1917-ல் பிறந்து 1994-ல் மறைந்தவர். பென்சிலில் அவ்வளவு வேகம். மை பெரும்பாலும் மற்றவர்களுடையது. அதில் மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் ஜோ சின்னாட். 1965 முதல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதைக்குத் தொடர்ந்து மை போட்டவர். நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் அவர் வீடு. பென்சில் பக்கங்கள் தபாலில் வரும், மை போட்டுத் தபாலில் திருப்பி அனுப்புவார். கிர்பியின் முரட்டுக் கோட்டை அவர் வழவழப்பாக்கினார், உலோகம் பளபளத்தது, முகங்கள் தெளிந்தன. கிர்பியின் சிறந்த காலம் என்று ரசிகர்கள் சொல்லும் பக்கங்களில் பல, இந்த இரண்டு பேரும் சேர்ந்தவை. 2020-ல், 93 வயதில்தான் சின்னாட் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு வரை வேலை செய்துகொண்டிருந்தார். நாமெல்லாம் அறுபதில் மாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இரண்டாமவர் மைக் ராயர். 1970-களில் கிர்பி டி.சி. நிறுவனத்துக்குப் போனபோது மை போட்டவர். இவர் எதையும் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். பென்சிலில் என்ன இருந்ததோ அது அப்படியே மையில் இருக்கும்.

மூன்றாமவர் வின்ஸ் கொலெட்டா. 'தோர்' கதைக்கு வருடக்கணக்கில் மை போட்டவர். மெல்லிய நிப் கோடுகளில் அழகு உண்டு. வேகமானவர், தாமதமான இதழை அச்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆசிரியர்கள் தேடும் ஆள். ஆனால் நேரத்தை மிச்சப்படுத்த, கூட்டத்தில் நிற்கும் ஆட்களையும் பின்னால் இருக்கும் கட்டடங்களையும் மை போடாமலேயே அழித்துவிடுவார் என்ற புகார் இன்றுவரை உண்டு. ரசிகர்கள் பென்சில் நகலையும் அச்சான பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். பென்சிலில் ஆள் இருக்கும், அச்சில் இருக்க மாட்டார்.

ஆக, என் பேரன் கேட்டதற்குப் பாதி பதில் இது. மை போடுவது மேலே கோடு இழுப்பது மட்டும் கிடையாது. ஒரே பென்சில் கோட்டின் எந்தப் பக்கம் தடிக்க வேண்டும், எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம், தூரத்து மரத்தை எவ்வளவு மெல்லிசாகப் போட்டால் தூரத்தில் தெரியும் என்பதெல்லாம் அவர் தீர்மானிப்பது. எதை விடுவது என்பதும் அவர் கையில்தான்.

படிக்கும் வழியும் அதுதான். லயன்-முத்து காமிக்ஸ் வாசகர்களுக்குக் 'கேப்டன் டைகர்' தெரியும். பிரெஞ்சில் அவர் பெயர் புளூபெர்ரி. வரைந்தவர் ழான் ஜிரோ. அவர் இளைஞராக இருந்தபோது தன் குரு ழிஜேயின் 'ஜெர்ரி ஸ்பிரிங்' கதை ஒன்றுக்கு மை போட்டுத்தான் தொழில் கற்றார். குருவின் கோட்டின் மேல் தன் தூரிகையை ஓட்டி ஓட்டியே கை திருந்தியது.

இனிப் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். வேதாளரைத் தெரியாதவர் இங்கே இருக்க முடியாது. முகமூடி, மண்டை ஓட்டு மோதிரம், குதிரை, ஓநாய். 1961 முதல் 1994 வரை அந்தப் படத்தில் இருந்த பெயர் ஸை பாரி. அதில் பல ஆண்டுகள் பென்சிலில் வரைந்து கொடுத்தவர் ஜார்ஜ் ஒலிசன் என்பவர். மை போட்டு முடித்தவர் பாரி, பெயரும் பாரியுடையது. செய்தித்தாள் படக்கதைத் தொழிலில் அது வழக்கம், உதவியாளர் பெயர் வெளியே வராது. பாரி ஓய்வு பெற்ற பிறகுதான் பென்சில் ஒலிசன், மை கீத் வில்லியம்ஸ் என்று இரண்டு பெயரும் வந்தன. நாம் சிறுவயதில் ரசித்த வேதாளர் பலவற்றில் இரண்டு பேர் கை இருந்திருக்கிறது. ஒருவர் மாயாவி மாதிரி மறைந்திருந்தார்.

நம் பக்கத்திலும் இரண்டு பேர் சேர்ந்து வரைந்தது உண்டு. கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் சாமி படம் போட்ட காலண்டர் தொங்காத வீடு ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் குறைவு. பழைய காலண்டர் படம் யார் வீட்டிலாவது இருந்தால் கீழே உற்றுப் பாருங்கள். பல படங்களில் கொண்டைய ராஜு, டி.எஸ். சுப்பையா என்று இரண்டு பெயர்கள் இருக்கும். குரு பெயரும் சீடர் பெயரும் ஒரே படத்தில். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை தோன்றும்.

அதற்கும் முன்னால் போனால் பெயரே கிடையாது. சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த வருடங்களில், வெள்ளிக்கிழமை மாலை சிவகாமி அம்மன் சன்னிதிக்குப் போவது வழக்கம். மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் நாயக்கர் காலத்து ஓவியங்கள், 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பிட்சாடனர் தாருகாவனத்துக்கு வருகிறார், மோகினி வருகிறாள், ரிஷிகள் தடுமாறுகிறார்கள். கட்டம் கட்டமாகக் கதை நகர்கிறது. நான் அதை நம் ஊரின் பழைய படக்கதை என்றே மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். சுவரோவிய மரபில் முதலில் காவிக் கோட்டில் உருவத்தை எழுதி, வண்ணம் நிரப்பி, கடைசியில் மறுபடி கோடு இழுத்து முடிப்பார்கள். காவிக் கோடு போட்டவரும் கடைசிக் கோடு இழுத்தவரும் ஒருவரா, இருவரா? அண்ணாந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம். அங்கே யாரும் கையெழுத்துப் போட்டு வைக்கவில்லை.

என் வங்கி வாழ்க்கையில் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இருந்ததில்லை. வவுச்சரை லெட்ஜரில் பதிந்தவர் ஓர் இனிஷியல், சரிபார்த்த அதிகாரி ஓர் இனிஷியல். கூட்டலை முதலில் பென்சிலில் போட்டுப் பார்ப்போம், டாலி ஆன பிறகுதான் மை. முப்பது வருடம் கழித்துத் தணிக்கைக்காரர் வந்தாலும் இது யார் எழுதியது, யார் பார்த்தது என்று விரல் வைத்துச் சொல்லலாம். இரண்டு இனிஷியல் இல்லாத பதிவை நான் பாஸ் ஆக விட்டதில்லை என்று ரிட்டயர்மென்ட் விழாவில் பெருமையாகச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆனால் 1974-ல் ஒன்றை விட்டிருக்கிறேன்.

அப்போது பத்தாம் வகுப்பு. நானும் என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த நண்பனும் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே பிரதி, வகுப்பு முழுவதும் கைமாறிக் கைமாறிச் சுற்றும். அதில் பன்னிரண்டு பக்கம் படக்கதை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் கடத்தல்காரர்களைத் துரத்தும் துப்பறியும் வீரன். கதை இரண்டு பேருடையது. படம் முழுக்க அவன் பென்சிலில் போட்டான். அவனுக்குப் படகு, வலை, அலை, மனிதன் ஓடுவது எல்லாம் கையில் தானாக வரும். எனக்கு அது வராது. என்னிடம் இருந்தது நல்ல நிப் பேனாவும், அப்பா வாங்கிக் கொடுத்த இண்டியன் இங்க் புட்டியும், அழகான கையெழுத்தும். நான் மை போட்டேன், பலூன்களில் எழுதினேன், காய்ந்ததும் ரப்பரால் அவன் கோடுகளைத் துடைத்தேன்.

அந்த வருடம் பள்ளிக் கண்காட்சியில் அதை வைத்தார்கள். முதல் நாள் இரவு, கடைசிப் பக்கத்தின் அடியில் 'சித்திரம்' என்று போட்டு என் பெயரை மட்டும் எழுதினேன். ஏன் என்று கேட்டால் இன்றும் நேரான பதில் இல்லை. மேலே தெரிந்த கோடெல்லாம் என்னுடையதாக இருந்தது, அவ்வளவுதான். தலைமை ஆசிரியர் என் தோளைத் தட்டினார். அவன் பக்கத்திலேயே நின்றான், ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. போர்டு எழுதும் வேலைக்குப் போனான். நான் சிதம்பரம் போனேன், வங்கிக்குப் போனேன். தொடர்பு விட்டுப்போனது.

இந்தக் குடியிருப்புக்கு வந்தபோது பழைய டிரங்குப் பெட்டியில் அந்த நோட்டு கிடைத்தது. பேரன் கேட்ட கேள்விக்குப் பிறகு அதை எடுத்துக்கொண்டு முதுநகர் போனேன். துறைமுகத்தில் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்ததும் வழி சொல்லிவிட்டார்கள். படகுகளுக்குப் பெயர் எழுதுபவர் என்று அந்தப் பக்கம் எல்லோருக்கும் அவனைத் தெரிந்திருக்கிறது. இப்போது மகன் நடத்தும் ஃபிளெக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தான். என்னை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிடம் ஆனது.

நோட்டைக் கொடுத்தேன். பெயர் விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸிலேயே வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன். அவன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டான்.

"நாய் எங்கடா?"

"எந்த நாய்?"

"இந்தப் படகுக்கு அடியில ஒரு நாய் படுத்திருக்கும். எங்க வீட்டு நாய்டா. அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன்."

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. பிறகு மெதுவாக வந்தது. கண்காட்சிக்கு முந்தைய இரவு, மணி பன்னிரண்டு. படகின் நிழலுக்குள் படுத்திருக்கும் வெள்ளை நாய். சுற்றிலும் கறுப்பு அடைத்து நாயை மட்டும் வெள்ளையாக விட வேண்டும். சிரமமான வேலை. நிழலை முழுக்கக் கறுப்பாக அடைத்துவிட்டேன்.

நான் தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "கடைசிப் பக்கத்துல என் பேரை மட்டும் போட்டுட்டேன். தப்புடா." அவன் கையை வீசினான். "பேரு கிடக்குது. பேரு போட்டிருந்தா படிக்காம படம் போட்டுக்கிட்டிருந்தியான்னு எங்கப்பா தோலை உரிச்சிருப்பார். நாயை ஏன்டா எடுத்த?"

ஐம்பது வருடம் நான் ஒரு கணக்கை மனசில் வைத்திருக்கிறேன். அவன் வைத்திருந்த கணக்கு வேறு. பெயரை இப்போதும் சேர்த்துவிடலாம். அன்றைக்கே கடைசிப் பக்கத்தில் 'பென்சில்' என்று அவன் பெயரையும், 'மை' என்று என் பெயரையும் எழுதி, இரண்டு பேரும் தேதியோடு இனிஷியல் போட்டோம். நாயை என்னால் திருப்பித் தர முடியவில்லை. கறுப்பு மையின் மேல் பென்சில் தெரியாது. அவனே பக்கத்தின் ஓரத்தில், வெற்றிடத்தில், பென்சிலால் ஒரு நாயைப் போட்டான். கை கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நாய் நன்றாகவே படுத்திருந்தது. அதன் மேல் நான் மை போடவில்லை.

பேரனுக்கு அன்று மாலை போனில் பதில் சொன்னேன். மை போடுபவர் பெயரை ஏன் போட வேண்டும் என்றால், நாம் பார்க்கிற கோடு அவருடையது, அதற்குப் பொறுப்பும் அவருடையது. பென்சில் போட்டவர் பெயரை ஏன் போட வேண்டும் என்றால், அவர் கோடு நம் கண்ணுக்கே தெரியாது. பெயர் ஒன்றுதான் மிச்சம். "சரி தாத்தா, அந்த நாயை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்றான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த காலாண்டு இதழில் நம் குடியிருப்புப் பிள்ளைகளின் படக்கதை ஒரு பக்கம் போடலாம் என்று ஆசிரியர் குழு சம்மதித்திருக்கிறது. விதி ஒன்றுதான். இரண்டு இரண்டு பேராகச் சேருங்கள். ஒருவர் பென்சில், ஒருவர் மை. அடுத்த பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மை போடுவதற்கு முன் பென்சில் பக்கத்தைப் பெரியவர்கள் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எதையாவது விட வேண்டியிருந்தால், விடுவதற்கு முன்னால் வரைந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாயாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். நிப், இண்டியன் இங்க், தாள் எல்லாம் நூலக அறையில் வாங்கி வைத்திருக்கிறோம். மை கொட்டினால் தரையில் கறை போகாது என்று ஹவுஸ்கீப்பிங் அம்மா எச்சரித்திருக்கிறார்கள்; செய்தித்தாள் விரித்து உட்காருங்கள்.

லாக்கர், நாமினேஷன் பற்றி அடுத்த முறை.